சானல் வேலையில் மேற்பார்வைச் செலவு: எழுதாத கணக்கு சிமெண்டில் கழியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாறு பாசனத் திட்டத்திலும் பட்டணங்கால் பாசனத்திலுமாகச் சுமார் 79,000 ஏக்கர் நிலம் பயன்பெறுகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளிலிருந்து ஜூன் முதல் தேதியை ஒட்டித் தண்ணீர் திறந்து, பிப்ரவரி இறுதி வரை விடுவது வழக்கம். அதன் பிறகு சானல்கள் வறண்டிருக்கும் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களே மடை கட்டவும், கரையைப் பலப்படுத்தவும், தடுப்புச் சுவர் எழுப்பவும் கிடைக்கும் காலம். இதற்குள் கோடை மழையும் குறுக்கிடும். மே மாத இறுதிக்குள் வேலை முடியாவிட்டால் கடைமடை வயல்களில் கன்னிப்பூ நடவு தடைப்படும்.

இவ்வேலைகளில் பழுது ஏற்பட்டால் கொத்தனாரைக் குறை கூறுவர். அல்லது சிமெண்டைக் குறை கூறுவர். பல இடங்களில் பழுது அதற்கும் முன்பே, எஸ்டிமேட் தாளிலேயே தொடங்கிவிடுகிறது. கல், மணல், ஜல்லி, சிமெண்ட், கூலி ஆகியவற்றை ஒன்று விடாமல் எழுதுவோர், வேலையை நின்று கவனிக்கும் ஆளின் சம்பளத்தை எழுதுவதில்லை. எழுதாததால் அச்செலவு இல்லாமற் போய்விடாது. கடைசியில் அது சிமெண்ட் மூட்டையிலிருந்துதான் கழிகிறது.

விவசாயிகள் இக்கணக்கை அறிய வேண்டிய காரணம் உண்டு. பாசன அமைப்புகளின் மேலாண்மையில் விவசாயிகளுக்குப் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் குடிமராமத்து முறை மீண்டும் தொடங்கப்பட்டபோது, முதற்கட்டமாக 30 மாவட்டங்களில் 1,519 வேலைகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் ஆயக்கட்டுதாரர் சங்கங்களே வேலையை ஏற்று, 10 சதவீதப் பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அளிக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. விவசாயியே வேலையை எடுத்துச் செய்யும்போது, காண்ட்ராக்டர் அறிந்திருக்கும் கணக்கை அவரும் அறிந்திருக்க வேண்டும்.

மேற்செலவு என்பது எது?

நெல் சாகுபடியை எடுத்துக்கொண்டால் விதை, உரம், உழவு, நடவுக் கூலி, அறுப்புக் கூலி ஆகியவை நேரடிச் செலவுகள். வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்க்க நடப்பது, கூட்டுறவு வங்கிக்குப் போய்வருவது, களத்தில் கிடக்கும் நெல்லுக்கு இரவில் காவல் இருப்பது, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவது ஆகியவை எந்த ஒரு வரப்புக்கும் உரியவை அல்ல. ஆயினும் அவையின்றி நெல் வீடு வந்து சேராது. கட்டட வேலையிலும் இப்படியே. சுவரிலும் மடையிலும் நேரே போய்ச் சேரும் பொருளும் கூலியும் நேரடிச் செலவு. வேலை நடப்பதற்காகச் செய்ய வேண்டியதும், ஆனால் சுவரில் கண்ணுக்குத் தெரியாததுமான செலவே மேற்செலவு.

இது இரு பிரிவாகும். மேற்பார்வையாளர், காவலாள், சிமெண்ட் வைக்கும் கொட்டகை, தரப் பரிசோதனை, முதலுதவிப் பெட்டி போன்றவை வேலையிடச் செலவு. கணக்கு எழுதுதல், தணிக்கை, வங்கிக் கட்டணம், நாகர்கோவிலுக்கோ தக்கலைக்கோ அலுவலகம் சென்று வரும் செலவு போன்றவை அலுவலகச் செலவு. லாபம் இவ்விரண்டிலும் சேராது. எல்லாம் போக மிஞ்சுவதே லாபம். லாபத்தையும் மேற்செலவையும் ஒன்றாகக் கருதுவோர், மேற்பார்வையாளர் சம்பளத்தைக் குறைத்தால் லாபம் கூடும் என்று தவறாக நினைப்பார்கள்.

பேச்சிப்பாறையும் மாத்தூரும்

பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897 முதல் 1906 வரை கட்டப்பட்டது. ஏறத்தாழ 26 லட்சம் ரூபாய் செலவாயிற்று. வேலையை நடத்திய பொறியாளர் மிஞ்சினின் நினைவிடம் அணைப் பகுதியிலேயே இருக்கிறது. மலைக்காட்டில் ஒன்பது ஆண்டு வேலை நடத்த வேண்டுமானால் கல்லும் காரையும் கூலியும் மட்டும் போதா. தங்குமிடம், பொருட்கிடங்கு, பாதை, அளவெடுப்போர், கணக்கர், காவலர் என்று அனைத்தும் வேண்டும். அணையில் இவை எதுவும் கல்லாகத் தெரியாது. ஆனால் இவையின்றி அக்கல் நிலைத்து நின்றிருக்காது.

1966-இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம் மற்றொரு சான்று. பறளியாற்றின் குறுக்கே 28 தூண்கள். உயர்ந்த தூண் 115 அடி. பட்டணங்கால் தண்ணீர் ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு இதன் மீது செல்கிறது. தண்ணீரைத் தள்ளிவிட இயந்திரம் ஏதும் இல்லை. தொட்டியின் வாட்டம் ஒன்றே அதை நடத்துகிறது. ஒரு தூணின் மட்டம் தவறினாலும் தண்ணீர் தேங்கும் அல்லது வழியும். ஆகவே ஒவ்வொரு தூணிலும் மட்டம் பார்த்து, குறித்து, சரிபார்த்த ஆளின் நாட்சம்பளமும் அப்பாலத்தின் ஒரு பகுதியே. கடைமடையில் கட்டும் சிறு மடைக்கும் இது பொருந்தும். மடையின் அடிமட்டம் வயல் மட்டத்துக்கு மேலே போய்விட்டால், எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும் வயலுக்குத் தண்ணீர் பாயாது.

மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும்

மேற்செலவை மொத்தமாக ஒரு தொகை என்று எழுதிவிடாமல் மூன்று வகையாகப் பிரித்து எழுதுவது நல்லது.

முதல் வகை, ஒரே தடவை ஆகும் செலவு. கொட்டகை போடுதல், பரிசோதனைக் கட்டணம், தடுப்பு வேலி ஆகியன. வேலை பத்து நாள் நடந்தாலும் நாற்பது நாள் நடந்தாலும் இது பெரும்பாலும் மாறாது.

இரண்டாம் வகை, நாளுக்கு நாள் ஏறும் செலவு. மேற்பார்வையாளர், காவலாள், போக்குவரத்து ஆகியன. வேலை நடக்காத நாளிலும் இது ஏறிக்கொண்டே இருக்கும். நஷ்டத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாம் வகை, வேலையின் மதிப்பைப் பொறுத்த செலவு. கட்டுமானத் தொழிலாளர் நலத்துக்கான தீர்வை இவ்வகை. சட்டப்படி இது கட்டுமானச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாமலும் 2 சதவீதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பில் தொகையிலிருந்து கழிக்கப்படுபவை எவை, எஸ்டிமேட்டில் தனியே சேர்க்கப்பட்டவை எவை என்பதை வேலை தொடங்கும் முன்பே பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

சானல் கரையில் ஒரு மடையும் தடுப்புச் சுவரும் கட்ட ஒரு சங்கம் முன்வருவதாகக் கொள்வோம். முறையை விளக்கவே இத்தொகைகள் தரப்படுகின்றன. அவரவர் ஊர் விலையை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பொருள்: 3,10,000 ரூபாய்
கொத்தனார், கையாள் கூலி: 1,60,000 ரூபாய்
கலவை இயந்திரம், பம்பு வாடகை: 30,000 ரூபாய்
நேரடிச் செலவு மொத்தம்: 5,00,000 ரூபாய்

வேலை நாள் 30. நாள் ஒன்றுக்கு மேற்பார்வையாளர் 1,000, காவலாள் 500, போக்குவரத்தும் தொலைபேசியும் 100, ஆக 1,600 ரூபாய். முப்பது நாளுக்கு 48,000 ரூபாய். கொட்டகை 5,000, கான்கிரீட் பரிசோதனை 3,000, முதலுதவியும் தடுப்பு வேலியும் 2,000, ஆக ஒரே தடவைச் செலவு 10,000 ரூபாய். வேலையிடச் செலவு மொத்தம் 58,000 ரூபாய். அலுவலகச் செலவு 7,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து மேற்செலவு 65,000 ரூபாய்; அதாவது நேரடிச் செலவில் 13 சதவீதம்.

மத்திய பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வில் காண்ட்ராக்டரின் லாபத்துக்கும் மேற்செலவுக்கும் சேர்த்து 15 சதவீதம் வைக்கப்படுகிறது. அதே அளவை இங்கு வைத்தால் 75,000 ரூபாய். அதில் மேற்செலவு 65,000 போக மிஞ்சுவது 10,000 ரூபாய் மட்டுமே. “பதினைந்து சதவீதமும் லாபம்” என்று எண்ணி வேலை எடுத்தவர் இங்கேயே ஏமாந்துபோவார். துறைக்குத் துறை இச்சதவீதம் வேறுபடும். எஸ்டிமேட்டில் எவ்வளவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பத்து நாள் மழை பெய்தால்

ஏப்ரல் கடைசியில் மழை பிடித்து, அடித்தளக் குழியில் தண்ணீர் நின்று, வேலை பத்து நாள் தடைப்படுகிறது என்று கொள்வோம். கொத்தனாரும் கையாளும் வேறு வேலைக்குப் போய்விடலாம். அவர்களுக்குக் கூலி இல்லை. ஆனால் கொட்டகையில் சிமெண்டும் கம்பியும் இருக்கின்றன, காவல் வேண்டும். மேற்பார்வையாளரை விட்டால் திரும்பக் கிடைப்பது அரிது. பத்து நாளுக்கு 1,600 வீதம் 16,000 ரூபாய் கூடுகிறது. மிஞ்சியிருந்த 10,000 கரைந்து, 6,000 ரூபாய் கைநஷ்டமாகிறது. கலவை இயந்திரத்தைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தால் அதன் வாடகையும் சேரும்.

தவறான வழி இந்த இடத்தில்தான் ஆசை காட்டும். சிமெண்ட் மூட்டை 400 ரூபாய் என்றால் 6,000 ரூபாய் என்பது 15 மூட்டை. எம்-20 தரக் கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட் வேண்டும். 15 மூட்டையைக் குறைத்தால், ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் கான்கிரீட்டின் முழுச் சிமெண்டும் போய்விடுகிறது. யாரும் அதை ஒரே இடத்தில் குறைப்பதில்லை. ஒவ்வொரு கலவையிலும் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். ஆகவே சுவர் முழுவதும் பலவீனப்படும். முதல் வெள்ளத்தில் தெரியாவிட்டாலும் மூன்றாம் வெள்ளத்தில் தெரியும். அப்போது சங்கத்தின் கணக்குப் புத்தகம் முடிந்திருக்கும். கடைமடை விவசாயியின் நஷ்டம் அன்றுதான் தொடங்கும்.

இதைத் தவிர்க்க, நாட்செலவைக் கணக்கிடும்போதே மழை நாட்களையும் சேர்க்க வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் தொடங்கும் வேலைக்கு ஐந்து நாளும், ஏப்ரல் நடுவில் தொடங்கும் வேலைக்குப் பத்து நாளும் கூடுதலாக வைத்துக்கொள்வது விவேகம். எல்லாவற்றிலும் மேலானது வேலையைச் சீக்கிரம் தொடங்குவது. சானல் அடைத்த பிறகு கல்லும் மணலும் தேடப் புறப்படாமல், பிப்ரவரியிலேயே பேசி முடித்து வைத்தால் நாட்செலவு தானே குறையும்.

வட்டியை மறக்கக் கூடாது. பில் தொகை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். மூன்று லட்சம் ரூபாயை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் இரண்டு மாதத்துக்கு வாங்கினால் வட்டி 6,000 ரூபாய். மேலே கண்ட உதாரணத்தில் இது சேர்க்கப்படவில்லை. கடன் வாங்கி வேலை செய்வோர் இதையும் அலுவலகச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சிறு வேலைக்குச் சதவீதக் கணக்கு பொருந்தாது

பெரிய வேலைக்குப் பொருந்தும் சதவீதத்தைச் சிறு வேலைக்கும் வைப்பது ஒரு பொதுவான பிழை. ஒரு லட்சம் ரூபாய் வேலை 15 நாள் நடந்தால் நாட்செலவு 24,000, ஒரே தடவைச் செலவு 10,000, ஆக 34,000 ரூபாய். அதாவது 34 சதவீதம். மேற்பார்வையாளர் சிறு வேலைக்குக் குறைந்த சம்பளம் வாங்குவதில்லை. காவலாளும் அரை இரவு காவல் காப்பதில்லை. எனவே சிறு வேலைகளில் மேற்பார்வையே இல்லாமற் போவது வழக்கமாகிவிட்டது.

இதற்கு வழி, பக்கத்துப் பக்கத்து வேலைகளைச் சேர்த்துச் செய்வது. ஒரே சானலில், நடந்து போகும் தூரத்தில் மூன்று மடைகள், ஒவ்வொன்றும் ஒரு லட்சம் ரூபாய் வேலை என்று கொள்வோம். தனித்தனியாகச் செய்தால் மேற்செலவு மூன்றுக்கும் 1,02,000 ரூபாய். ஒரு மேற்பார்வையாளர், ஒரு காவலாள், ஒரு கொட்டகை வைத்து மூன்றையும் 20 நாளில் முடித்தால் நாட்செலவு 32,000. ஒரே தடவைச் செலவு சற்றுக் கூடி 14,000 ஆகலாம். மொத்தம் 46,000 ரூபாய். மிச்சம் 56,000 ரூபாய். ஒரே நாளில் இரண்டு இடத்தில் கான்கிரீட் போடக் கூடாது என்ற ஒரு நிபந்தனையை மட்டும் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும். மேற்பார்வையாளர் இரண்டு இடத்தில் நிற்க முடியாது.

மேற்பார்வையாளர் என்ன செய்ய வேண்டும்?

சம்பளம் கொடுத்து ஆளை வைத்துவிட்டால் மட்டும் மேற்பார்வை நடந்துவிடாது. அவர் கவனிக்க வேண்டியவை இவை.

1. மண்ணுக்குள் மறையும் வேலையை மறையும் முன் அளக்க வேண்டும். அடித்தளத்தின் ஆழம், அகலம், கம்பியின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறியாளர் பார்த்து அளவுப் புத்தகத்தில் குறித்த பிறகே கான்கிரீட் போட வேண்டும்.

2. கலவையில் தண்ணீர் அளவை விடக் கூடாது. எம்-20 தரக் கான்கிரீட்டுக்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேற்படாமல் தண்ணீர் விட வேண்டும். மணலில் ஈரம் இருந்தால் அதையும் இதில் சேர்த்தே கணக்கிட வேண்டும். கொட்டுவதற்கு எளிதாக இருக்கிறது என்று தண்ணீரைக் கூட்டினால் வலு குறையும்.

3. கலந்த கான்கிரீட்டைத் தாமதமின்றிப் போட்டு இறுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஒரு கலவை போட்டுவிட்டு, திரும்பி வந்து தண்ணீர் தெளித்து மீண்டும் கிளறுவது தவறு.

4. நீராற்றுதல் சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டானால் குறைந்தது 10 நாளும் நடக்க வேண்டும். ஈரச் சாக்கு காயக் கூடாது. சுவர் முடிந்ததும் மேற்பார்வையாளரை அனுப்பிவிடும் சங்கங்கள் இந்தப் பத்து நாளைத்தான் இழக்கின்றன. வேலை நாள் கணக்கில் இந்நாட்களையும் சேர்க்க வேண்டும்.

5. கரையில் மண் போடும்போது ஒரே குவியலாகக் கொட்டாமல் 9 அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, அளவாக நனைத்து, ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும்.

6. சிமெண்டைத் தரையில் அடுக்காமல் பலகை மீது, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். முதலில் வந்த மூட்டையை முதலில் எடுக்க வேண்டும்.

துறைப் பொறியாளர் வந்து பார்ப்பதால் சங்கத்துக்குத் தனி மேற்பார்வையாளர் தேவையில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். பொறியாளர் பல வேலைகளைக் கவனிப்பவர். முக்கியக் கட்டங்களில் சரிபார்ப்பதே அவர் பணி. காலை முதல் மாலை வரை கலவை அருகில் நிற்க அவரால் இயலாது.

உதாரணக் கணக்கில் மேற்பார்வையாளருக்கு ஆகும் செலவு 30 நாளில் 30,000 ரூபாய். வேலையில் பத்தில் ஒரு பங்கை இடித்துக் கட்ட நேர்ந்தால் கட்டுவதற்கு மட்டும் 50,000 ரூபாய். இடிக்கும் கூலியும் போகும் நாட்களும் வேறு. எது மலிவு என்பது விளங்கும்.

தினக்குறிப்பு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மழையா வெயிலா, எத்தனை கொத்தனார், எத்தனை கையாள், செலவான மூட்டை, முடிந்த வேலையின் அளவு, வந்து பார்த்தவர் யார் என்பவற்றை அன்றன்று எழுதி மேற்பார்வையாளர் கையொப்பமிட வேண்டும். வாரம் ஒருமுறை மூட்டைக் கணக்கையும் கான்கிரீட் அளவையும் ஒப்பிட வேண்டும். 4 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 32 மூட்டை அளவில் ஆகியிருக்க வேண்டும். 27 மூட்டை என்றால் கலவை மெலிந்திருக்கிறது. 40 மூட்டை என்றால் சிமெண்ட் வேறெங்கோ போயிருக்கிறது. இரண்டையும் அந்த வாரமே கேட்டால் திருத்தலாம். பில் போடும் நாளில் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

சொந்த வேலைக்கும் இதே கணக்கு

நெற்களம், மாட்டுத் தொழுவம், பம்புசெட் அறை, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை ஆகியவற்றைச் சொந்தமாகக் கட்டும் விவசாயி “நானே நின்று பார்த்துக்கொள்வேன்” என்று சொல்வதுண்டு. நல்ல முடிவே. ஆனால் அவர் நிற்கும் நாளில் அவருடைய வயல் வேலைக்கு வேறு ஆள் வைக்க வேண்டியிருந்தால், அக்கூலி இந்தக் கட்டடத்தின் மேற்செலவு. வெளியூர் போக வேண்டிய நாளில் கான்கிரீட் போடச் சொல்லாமல் இருப்பதே மேல்.

நாட்கூலிக்கு வேலை விட்டால் ஆட்கள் நேரம் கடத்தாமல் இருக்கக் கவனம் வேண்டும். மொத்தக் கொத்துக்கு விட்டால் தரத்தில் கவனம் வேண்டும். மேற்பார்வையே தேவைப்படாத முறை எதுவும் இல்லை. கவனிக்க வேண்டிய இடம்தான் மாறுகிறது.

இந்த ஆண்டு சானல் வேலை எடுக்கும் சங்கங்கள் முதல் கூட்டத்திலேயே மூன்றைத் தீர்மானமாக எழுதி வைக்கலாம்: வேலையிடத்தில் நிற்பவர் யார், அவருக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு, மழை நாட்களுக்கு ஒதுக்கியது எவ்வளவு. இம்மூன்றுக்கும் பணம் காணவில்லை என்றால் வேலையைக் குறைத்து எடுப்பதே நன்று. ஐம்பது அடிச் சுவரைச் சிமெண்ட் குறைத்துக் கட்டுவதைவிட, நாற்பது அடிச் சுவரைச் சரியாகக் கட்டி, மீதியை அடுத்த கோடைக்கு வைத்தால் ஜூன் மாதத்தில் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேரும்.